இரண்டாம் பாகத்தில் கதை மட்டும்தான் ஓடுகிறது, விளையாட ஒன்றும் இல்லை: ‘ட்ரீம்ஃபால்’ கடைசிவரை இப்படித்தானா?

திறவுகோல்_தேடி:

‘தி லாங்கஸ்ட் ஜர்னி’ (1999) என்ற கணினி அட்வென்ச்சர் கேமை (புதிர் அவிழ்த்துக் கதையை நகர்த்தும் வகை) முடித்த கையோடு அதன் தொடர்ச்சியான ‘ட்ரீம்ஃபால்’ (2006) தொடங்கியாயிற்று. முதல் பாகத்தில் நாயகி ஏப்ரல் ரயனின் பை நிறையப் பொருள் சேரும். எதை எதோடு சேர்ப்பது, யாரிடம் காட்டுவது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கலாம். இரண்டாம் பாகத்தில் புது நாயகி ஸோயியை நடத்திக்கொண்டு போகிறோம், ஒருவரிடம் பேசுகிறோம், கட்சீன் (நாம் பார்க்க மட்டும் முடிகிற கதைக்காட்சி) ஓடுகிறது, அடுத்த இடத்துக்குப் போகச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு சண்டை, ஒரு பூட்டு. அவ்வளவுதான்.

கதை மோசம் என்று சொல்லவில்லை. குரல் நடிப்பு, காசாபிளாங்கா நகரம், மாய உலகமான ஆர்கேடியாவுக்குத் திரும்பும் இடம் எல்லாமே நன்றாக இருக்கின்றன. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கத் தோன்றுகிறதே தவிர, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. முதல் பாகத்தை விரும்பியவனுக்கு இது பெரிய ஏமாற்றம்.

இனிமேலாவது புதிர் வருமா? இல்லையென்றால் இதை எப்படி விளையாடினால் ஓரளவு ரசிக்கலாம்? இன்னொன்று: தொடர்ச்சிகளில் மட்டும் இது ஏன் இத்தனை முறை நடக்கிறது? வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா? கதையை உடைக்காமல் பதில் சொன்னால் நல்லது.

---

ஆர்கேடியாவாசி:

ஒளிக்காம சொல்லிடறேன்: கடைசிவரை ஏறக்குறைய இதேதான். நடுவுல ரெண்டு மூணு இடத்துல பொருளைச் சேர்த்து வேலை செய்ற மாதிரி வரும், ஆனா முதல் பாகத்தோட அடர்த்தி எங்கயும் வராது. அதை எதிர்பார்த்துக் காத்திருந்தா ஏமாற்றம் கூடத்தான் செய்யும்.

விளையாடறதுக்குச் சில விஷயம். சண்டையில லேசான அடி, பலமான அடி, தடுப்பு, இது மூணுதான். பலமான அடி மெதுவா வரும். அதைத் தொடங்கின நேரத்துல எதிரி அடிச்சா நம்ம அடி வீணாப் போயிடும். அதனால எதிரி கையை ஓங்கற வரைக்கும் பொறுங்க, ஒரு எட்டு பின்னால வாங்க, அவன் அடி காத்துல போனதும் லேசான அடி ரெண்டு குடுங்க, திரும்ப விலகுங்க. அழகா இருக்காது, ஆனா இந்த ஒண்ணே எல்லாச் சண்டைக்கும் போதும். பட்டனை மாத்தி மாத்தி அமுக்கினா நிச்சயம் தோப்பீங்க.

சண்டைன்னு தோணற எல்லா இடத்துலயும் அடிச்சுத்தான் ஆகணும்னு இல்ல. சில இடத்துல பேசியே தப்பிக்கலாம், சில இடத்துல பதுங்கிப் போயிடலாம். கேமே இதை எடுத்துச் சொல்லாது. காவலாளி நிக்கற இடத்துக்கு முன்னாடி சேவ் பண்ணிட்டு முதல்ல பேசிப் பாருங்க. இந்தப் பாகத்துல உண்மையா நம்ம கையில விட்ட தேர்வு அங்கதான் இருக்கு.

கைப்பேசியால ஹேக் பண்றது, பூட்டைத் திறக்கறது ரெண்டுமே குறியைப் பொருத்தற வேலை. நேரம் ஓடிட்டே இருக்கும். முழு வரிசையையும் மனசுல ஏத்தப் பாக்காம, ஒரு குறியில ஒரு அடையாளத்தை மட்டும் (கூர்முனை எந்தப் பக்கம், கோடு எத்தனை) பிடிச்சுத் தேடினா சுலபம்.

ஒரு எச்சரிக்கை, இதுல கதை உடையாது: இந்தப் பாகம் பாதியில நிக்கற மாதிரி முடியும். மிச்சக் கதை ‘ட்ரீம்ஃபால் சாப்டர்ஸ்’ல, 2014லேர்ந்து 2016 வரைக்கும் அஞ்சு பகுதியா வந்தது. புதிரும் குறைச்சல், முடிவும் கைக்கு வராதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுட்டு விளையாடினா அவ்வளவு கோபம் வராது.

---

நான்காம்சுவர்:

ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். “கதைக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள், அதனால் விளையாட்டு குறைந்தது” என்று பலரும் சொல்வார்கள். என் பார்வையில் காரணம் வேறு. கதை புதிரின் இடத்தைப் பிடுங்கவில்லை. புதிரைத் தாங்கிய அடித்தளங்கள் வேறு காரணங்களுக்காக எடுக்கப்பட்டன, காலியான இடத்தில் கதை உட்கார்ந்தது.

முதல் அடித்தளம் கர்சர். மவுஸால் சுட்டிச் சொடுக்கி ஆடும் பாயின்ட் அண்ட் கிளிக் கேமில் திரையின் ஒரு மூலையில் கிடக்கும் ஆணியைக்கூடத் தொட முடியும். பிசியோடு எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கும் சேர்த்துச் செய்த ‘ட்ரீம்ஃபால்’ போன்ற கேமில் ஆளைக் கன்ட்ரோலரின் ஸ்டிக்கால் நடத்துகிறோம், கேமரா கூடவே நகர்கிறது. அருகருகே நான்கு சிறு பொருள்களை வைத்தால் எதைத் தொடுகிறோம் என்றே தெரியாது. எனவே ஒரு அறைக்கு இரண்டு மூன்று பெரிய பொருள்கள், அவையும் தள்ளித் தள்ளி. ‘ப்ரோக்கன் ஸ்வார்ட்’ வரிசையிலும் இதே கதை: 1996, 1997 பாகங்கள் மவுஸில் ஓடின. 2003இல் வந்த மூன்றாம் பாகம் 3டிக்கும் நேரடிக் கட்டுப்பாட்டுக்கும் மாறியது. பொருளைச் சேர்த்து யோசிக்கும் புதிர்களின் இடத்தில் பெட்டியைத் தள்ளும் புதிர்கள் வந்து குவிந்தன. பெட்டி பெரியது, ஸ்டிக்கால் தள்ள வசதியானது, அதுதான் காரணம். 2006இல் நான்காம் பாகம் மவுஸைத் திரும்பக் கொண்டுவந்தது.

இரண்டாவது, தவறான முயற்சிக்கான பதில்கள். கையில் 12 பொருள், ஓர் அத்தியாயத்தில் தொடக்கூடிய இடம் 40 என்று வையுங்கள். 480 சேர்க்கைகள். அதில் சரியானவை பத்துக்குள்தான் இருக்கும். மீதிக்கெல்லாம் “இது வேலைக்கு ஆகாது” என்ற ஒரே வரியைப் போட்டால் ஆடுபவர் சீக்கிரம் சலித்துவிடுவார். நல்ல அட்வென்ச்சர் கேம் என்பது தப்பான முயற்சிக்கும் தனி வரி எழுதி வைத்திருப்பது. எழுத்தாக மட்டும் இருந்த காலத்தில் ஒரு வரி என்பது எழுத்தாளரின் ஒரு நிமிடம். முழுக் குரல் வந்த பிறகு ஒவ்வொரு வரிக்கும் நடிகர், பதிவு, மொழிமாற்றம் உண்டு. 3டி வந்த பிறகு அந்த முயற்சிக்கு ஓர் அசைவும் வேண்டும். அதே குரல் செலவில் எல்லோரும் கட்டாயம் பார்க்கும் கட்சீனுக்கு வசனம் பதியலாம் என்றால் தயாரிப்பாளர் எதைத் தேர்வு செய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதுதான் ‘ட்ரீம்ஃபாலை’ அதிகம் பாதித்தது: மூன்று நாயகர்கள். ஸோயி, ஏப்ரல், கியான் என்று கதை மாறி மாறிப் போகிறது. ஆள் மாறும்போதெல்லாம் பை மாறுகிறது, அதுவரை சேர்த்த தடயம் எல்லாம் இன்னொருவர் தலையில் கிடக்கிறது. எந்த ஒருவருடைய பகுதியும் நீண்ட புதிர்ச் சங்கிலி கட்டும் அளவுக்கு நீளவில்லை.

மூன்று நாயகர்கள் இருந்தாலே இப்படித்தான் ஆகும் என்று நினைக்க வேண்டாம். ‘டே ஆஃப் தி டென்டக்கிள்’ (1993) எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு தொடர்ச்சிதான், 1987இன் ‘மேனியாக் மேன்ஷனு’க்கு. அதிலும் மூன்று பேர்: பெர்னார்ட் நிகழ்காலத்தில், ஹோகி 200 ஆண்டு முன்னால், லவர்ன் 200 ஆண்டு பின்னால். ஆனால் காலம் கடக்கும் கழிப்பறை வழியாக ஒருவர் பொருளை இன்னொருவருக்கு அனுப்பலாம். ஹோகிக்கு ஒரு மின்கலம் செய்ய வினிகர் வேண்டும். அவன் காலத்தில் புதைக்கப்போகும் காலப்பெட்டியில் ஒயின் பாட்டிலை வைக்கிறான். 400 ஆண்டு கழித்து லவர்ன் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது ஒயின் புளித்து வினிகராகிக் கிடக்கிறது. அதை அவள் கழிப்பறை வழியாக ஹோகிக்கே திருப்பி அனுப்புகிறாள். ஒரே வீடு, மூன்று காலம், ஒரு பாட்டில். இங்கே ஆள் கூடக்கூடப் புதிருக்கான இடம் பெருகுகிறது. ‘ட்ரீம்ஃபாலில்’ ஆள் கூடக்கூட அது துண்டாகிறது. கதையின் அளவு இரண்டிலும் பெரியதுதான். பைகள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்பதில்தான் வித்தியாசம்.

நான்காவதாக, பகுதி பகுதியாக வெளியிடும் முறை. இரண்டு மணி நேரத்தில் ஒரு பகுதி முடிய வேண்டும், அடுத்தது மாதங்கள் கழித்து வரும் என்றால் முதல் பகுதியில் எடுத்த கயிற்றை நான்காம் பகுதியில் பயன்படுத்தச் சொல்ல முடியாது, ஆடுபவர் மறந்திருப்பார். பை ஒவ்வொரு பகுதியிலும் காலியாகத் தொடங்கும். அதோடு தேர்வுகளால் கதை கிளைக்கிறது என்றால் ஒவ்வொரு கிளைக்கும் புதிரைச் சரிபார்க்க வேண்டும், அதனால் புதிரையே கிளைக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். ‘தி வாக்கிங் டெட்’ (2012) முதல் சீசனின் மூன்றாம் பகுதியில் ரயிலைக் கிளப்ப ஒரு குறிப்பேட்டின் மேல் பென்சிலைத் தேய்த்து, அழுந்தியிருந்த எழுத்தை வெளிக்கொண்டுவர வேண்டும். சின்னப் புதிர்தான், ஆனால் கையை வைக்க ஒன்று. இரண்டாம் சீசனில் அந்த மாதிரி நிதானமாகச் சுற்றிப் பார்த்துச் செய்யும் இடங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

---

மரக்கால்:

நான்காம்சுவர் சொன்னதுல பெரும்பகுதி சரி, ஆனா முதல் பாகத்தைக் கோயில் ஆக்கிடக் கூடாது. ‘தி லாங்கஸ்ட் ஜர்னி’யில பேர் போன வாத்துப் புதிரை எடுத்துக்குவோம். (முதல் பாகம் ஆடாதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.) சுரங்க ரயில் தண்டவாளத்துல ஒரு சாவி கிடக்கு. கைக்கு எட்டாது. ஒரு பிடிப்பான், துணிக்கயிறு, காத்து நிரப்பற ரப்பர் வாத்து, மூணும் வேணும். வாத்துல ஓட்டை, அது மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. பிளாஸ்திரியை எடுத்துட்டு, காத்து நிரப்பி, பிடிப்பானோட வாய்க்குள்ள வாத்தை வெச்சுக் கயிறு கட்டி இறக்கணும். காத்து மெதுவா இறங்கும், வாத்து சுருங்கும், பிடிப்பான் சாவியைக் கவ்வும்.

யந்திரமா பாத்தா இது நல்ல புதிர். ஓட்டைங்கற குறையையே நேரம் கணக்கிடற கருவியா மாத்தியிருக்காங்க, அது கெட்டிக்காரத்தனம். கோளாறு வேற இடத்துல: அந்தச் சாவி எதுக்குன்னு அந்த நேரத்துல நமக்குத் தெரியாது. தேவை முளைக்கறதுக்கு முன்னாடியே தீர்வைக் கேக்குது. அதனாலதான் ஆளுங்க எல்லாத்தையும் எல்லாத்தோடயும் தேய்ச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க, யோசிச்சு இல்ல. இந்த மாதிரிப் புதிர் மேல வந்த புகாரைக் கேட்டுட்டு, அடுத்த பாகம் செய்றவங்க “புதிர்னாலே வெறுக்கறாங்க”ன்னு புரிஞ்சுக்கிட்டாங்கன்னா அது பெரிய நஷ்டம். ஜனங்க வெறுத்தது காரணமே தெரியாத வேலையை. சாவிக்கு முன்னாடி பூட்டைக் காட்டியிருந்தா அதே வாத்து எல்லாருக்கும் பிடிச்சிருக்கும்.

இன்னொரு வகை இழப்பும் இருக்கு, அது புதிர் எண்ணிக்கையில தெரியாது. ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ (2015) பாருங்க. நேரத்தைப் பின்னோக்கித் திருப்பற சக்தி நாயகி மாக்ஸ் கையில, அதாவது நம்ம கையில. திருப்பினாலும் அவ நிக்கற இடமும் எடுத்த பொருளும் மாறாது. மூணாவது பகுதியில பள்ளித் தலைவர் அறைக் கதவைத் தகர்த்து உள்ள போறா, நேரத்தைத் திருப்பறா, கதவு முழுசாயிடும், சத்தமும் கேக்காத கணக்கு, ஆனா இவ மட்டும் உள்ள நிப்பா. கதைக்கும் விளையாட்டுக்கும் ஒரே சக்தி. 2018ல வந்த ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச் 2’ல நாம ஆடறது அண்ணன் ஷான், பொருளை மனசால நகர்த்தற சக்தி தம்பி டேனியலுக்கு. நாம அவனுக்குச் சொல்லலாம், கேக்கறது அவன் இஷ்டம். ஒரு சின்னப் பையனை எப்படி வளக்கறோம்ங்கற கருவுக்கு அது பொருத்தமான முடிவு, அதை நான் மதிக்கிறேன். ஆனா முதல் பாகத்துல விரல் நுனியில இருந்த கருவி இதுல வேற ஒருத்தர்கிட்ட போயிடுச்சு. ஆடறவங்க மனசு வாடினது நியாயம்தான். கதைக்காக எடுத்த முடிவு நல்லதா இருந்தாலும், எடுத்ததுக்கு ஈடா கையில வேற ஒண்ணு குடுத்திருக்கணும்.

---

பென்சில்_பேப்பர்:

வாங்கும் முன் கண்டுபிடிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன். விமர்சன மதிப்பெண் இதற்கு உதவாது, கதைக்கும் காட்சிக்கும் சேர்த்தே போடுவார்கள்.

யாராவது பேசாமல் முழுதாக விளையாடும் காணொளி ஒன்றை எடுங்கள். தொடக்கத்தை விடுங்கள், எல்லா கேமும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் போகும். 40ஆம் நிமிடத்திலிருந்து 60 வரை மட்டும் பாருங்கள், இந்த 20 நிமிடத்தில் கதை அதிகம் உடையாது. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்து, ஆடுபவர் கையில் கட்டுப்பாடு இருக்கும் நேரத்தை மட்டும் ஓட்டுங்கள். வசனம் தேர்ந்தெடுப்பதையும் நேராக நடப்பதையும் சேர்க்காதீர்கள். தேடுவது, எடுப்பது, சேர்ப்பது, தப்பாக முயல்வது மட்டும் கணக்கு. 20இல் 7 நிமிடத்துக்குக் கீழே வந்தால் அதைக் கதை பார்க்கும் கேம் என்று வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்த 20 நிமிடத்தில் இன்னும் மூன்றைக் கவனியுங்கள். ஓரிடத்தில் எடுத்த பொருள் வேறிடத்துக்குக் கூட வருகிறதா, அல்லது அந்த அறையிலேயே தீர்ந்துவிடுகிறதா? ஆடுபவர் ஒன்றில் சிக்கினால் அதை விட்டு வேறு வேலையைப் பார்க்க முடிகிறதா? தப்பான பொருளைக் காட்டினால் பாத்திரம் ஏதாவது சொல்கிறதா, அல்லது பொத்தானே வேலை செய்யாமல் இருக்கிறதா? கடைசியதுதான் மிக நம்பகமான அடையாளம். சரியான இடத்தில் மட்டும் பொத்தான் தெரியும் கேமில் யோசிக்க ஒன்றும் இல்லை, நடந்து போய்ப் பொத்தானைத் தேடுவதுதான் வேலை.

கதை உடைந்தாலும் பரவாயில்லை என்றால் இன்னும் துல்லியமான வழி: இரண்டு பாகத்துக்கும் எழுத்து வடிவ ஆங்கில வாக்த்ரூ (படிப்படியாக விடை சொல்லும் வழிகாட்டி) எடுத்து, நடு அத்தியாயம் ஒன்றில் ‘யூஸ்’, ‘கம்பைன்’ என்ற சொற்கள் எத்தனை முறை, ‘டாக்’, ‘கோ’ எத்தனை முறை என்று பிரவுசரின் தேடலில் எண்ணிப் பாருங்கள். படிக்கவே வேண்டாம், எண்ணினால் போதும்.

ஏற்கெனவே ஆடிய முதல் பாகம் ஏன் பிடித்தது என்று தெரிந்துகொள்ள, புதிர்ச் சார்பு வரைபடம் போட்டுப் பாருங்கள். ரான் கில்பர்ட் போன்ற வடிவமைப்பாளர்கள் வேலைக்குப் பயன்படுத்தும் முறை இது. தாளின் அடியில் கடைசி இலக்கை எழுதுங்கள், அதற்கு முன் என்ன வேண்டும் என்று மேல்நோக்கிக் கோடு போட்டுக்கொண்டே போங்கள்.

‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ (1990) முதல் பகுதிக்குப் போட்டால், கடற்கொள்ளையன் ஆக விரும்பும் நாயகனுக்கு மூன்று சோதனைகள்: வாள்வித்தை, திருட்டு, புதையல். சமையல்காரர் வெளியே போகும் சமயம் பார்த்து மதுக்கடைச் சமையலறைக்குள் நுழைந்தால் அங்கே எடுக்கக்கூடியவை மூன்று: பாத்திரம், இறைச்சித் துண்டு, மீன். பாத்திரத்தைத் தலைக்கவசமாகக் காட்டினால் சர்க்கஸ் சகோதரர்கள் பீரங்கியில் வைத்துச் சுட்டு 478 காசு தருவார்கள். அந்தக் காசில் வாளும் வாங்கலாம், புதையல் வரைபடமும் வாங்கலாம், ஆக இரண்டு சோதனைக்கு வழி. மீன், பாலத்தை மறித்து நிற்கும் பூதத்துக்கு. பாலம் தாண்டினால் வாள் ஆசான் வீடு. இறைச்சியைக் காட்டில் பறித்த மஞ்சள் இதழோடு சேர்த்தால் ஆளுநர் மாளிகை நாய்கள் தூங்கும், அது திருட்டுச் சோதனை. ஒரே சமையலறை, மூன்று பொருள், மூன்று சோதனைக்கும் கோடு போகிறது. தாளில் இது அகலமான மரமாகத் தெரியும்.

‘ட்ரீம்ஃபாலின்’ எந்த அத்தியாயத்துக்கு இதைப் போட்டாலும் பெரும்பாலும் மேலிருந்து கீழே ஒரே கோடு வரும். வரைபடம் ஒரே கோடாக இருந்தால் புதிர்கள் எவ்வளவு கடினமானவை என்பது பொருட்டே இல்லை. ஒன்றில் சிக்கினால் எல்லாமே நின்றுவிடும். நிற்கக் கூடாது என்பதற்காக வடிவமைப்பாளர் அந்த ஒன்றையும் சுலபமாக்குவார். புதிர் கரைவது பெரும்பாலும் இந்த வழியில்தான். அகலம் போனதும் கடினமும் தானாகப் போய்விடும்.

---

திறவுகோல்_தேடி:

அந்த ஒற்றைக் கோடு விளக்கம் சரியாகப் பொருந்துகிறது. முதல் பாகத்தில் ஒன்றில் சிக்கினால் வேறு தெருவில் சுற்றலாம். இதில் சிக்கவே முடிவதில்லை, அதனால் எதையும் கண்டுபிடித்த உணர்வும் இல்லை. சண்டைக்கான யோசனைக்கு நன்றி, பேசித் தப்பிக்கலாம் என்பது தெரியாமலே போயிருக்கும்.

இரண்டு கேள்வி மிச்சம். ‘சாப்டர்ஸ்’ இந்தக் குறையைச் சரிசெய்கிறதா? கதையும் புதிரும் ஒன்றையொன்று தின்னாத தொடர்ச்சிகள் வேறு எவை?

---

ஆர்கேடியாவாசி:

‘சாப்டர்ஸ்’ பாதி தூரம் வருது. பொருளைச் சேர்க்கற வசதி திரும்ப வந்துடுச்சு, சண்டை போயிடுச்சு. ஆனா புதிர்கள் அங்கங்க தனித்தனியா நிக்கும், மங்கி ஐலண்ட் மாதிரி மரமா விரியாது. ஐரோபாலிஸ் நகரத்துல புரோபாஸ்ட் பகுதி அழகா இருக்கும், ஆனா ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் நடந்து நடந்தே நேரம் போகும். அங்க போனதும் முதல் வேலையா அவசரப்படாம ஒரு சுத்து சுத்தி, எந்தக் கடை எந்தப் பாலத்துக்குப் பக்கத்துலன்னு தாள்ல கோட்டுப் படம் போட்டு வெச்சுக்குங்க, பின்னால ரொம்ப உதவும். கதை முடிவுக்காக விளையாடலாம். புதிருக்காகன்னா வேண்டாம்.

---

மரக்கால்:

ரெண்டாவது கேள்விக்கு என்னோட முதல் பதில் ‘ரிவன்’ (1997), ‘மிஸ்ட்’டோட (1993) தொடர்ச்சி. முதல் பாகத்துல கதை மெலிசு, புதிர்கள் தனித்தனி யந்திரம். ரெண்டாவதுல கதை பல மடங்கு கனமாச்சு, புதிரும் கூடவே கனமாச்சு, ஏன்னா ரெண்டையும் ஒரே பொருளுக்குள்ள வெச்சாங்க.

கிராமத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு விளையாட்டுச் சாமான் இருக்கு. கயித்துல தொங்கற மனுஷ பொம்மை, கீழ வாயைத் திறந்துட்டு ஒரு கடல் மிருகம். திருகினா ஒரு குறி வரும், அந்தக் குறிக்கு எத்தனையோ அத்தனை படி பொம்மை கீழ இறங்கும். அடியில போய்ச் சேந்தா மிருகம் கவ்விடும். இதை வெச்சுத்தான் அந்த ஊர் எண்களை நாம கத்துக்கறோம். ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் உள்ள குறியைப் படுக்க வெச்சா அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது ஆகும்னு நாமளாவே கண்டுபிடிக்கணும். கடைசிப் புதிருக்கு அந்த எண்கள் இல்லாம முடியாது. அதே நேரத்துல, இந்த ஊரை ஆள்றவன் குழந்தைங்களுக்கு எண்ணு சொல்லிக்குடுக்கற விதமே இதுதான்னு புரியுது. வசனமே இல்லாம ஆளோட குணம் தெரிஞ்சுடுது. கட்சீன் போட்டிருந்தா இத்தனை பயமா இருந்திருக்காது.

அடுத்தது ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி ஃபேட் ஆஃப் அட்லான்டிஸ்’ (1992). தொடக்கம் முடிஞ்சதும் வழி மூணாப் பிரியும்: புத்தி, சண்டை, துணையோட போறது. புதிர் வேணும்னா புத்தி வழி, கதாபாத்திரங்களோட பேச்சு வேணும்னா துணை வழி. ரெண்டு பக்கத்து ஆளுக்கும் ஒரே டப்பாவுல இடம் குடுத்துட்டாங்க.

---

நான்காம்சுவர்:

கூடவே ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ (2022). தொடங்கும்போதே சாதாரண முறை, கடின முறை என்று கேட்கும். கடின முறையில் புதிர்களின் எண்ணிக்கையும் சங்கிலியின் நீளமும் கூடும், கதை ஒன்றேதான். கதைக்காக வருபவர் சிக்க மாட்டார், புதிருக்காக வருபவர் ஏமாற மாட்டார். இந்த யோசனை புதிதல்ல, 1991இல் ‘மங்கி ஐலண்ட் 2’ செய்ததுதான்.

கேமுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகமும் தருகிறார்கள். அது முழு விடையைக் கொட்டாது, கேட்கக் கேட்க ஒவ்வொரு படியாகச் சொல்லும். முதல் படியைப் படித்ததும் மூடிவிடுங்கள். பெரும்பாலும் நாம் சிக்கியிருப்பது எங்கே போவது என்பதில்தான், எப்படிச் செய்வது என்பதில் இல்லை. முதல் குறிப்பு அதைத் தீர்த்துவிடும், மீதிக் கண்டுபிடிப்பு உங்களுடையதாகவே இருக்கும். கடின முறையைத்தான் எடுங்கள்.

---

பென்சில்_பேப்பர்:

மரக்கால் சொன்ன ‘ரிவன்’ வாங்கப் போகிறவர்களுக்கு: அதன் 3டி மறுஆக்கம் 2024இல் வந்திருக்கிறது, நடமாட வசதியானது. ஆனால் பல புதிர்களை மாற்றியிருக்கிறார்கள். 1997 பதிப்புக்கு எழுதிய வாக்த்ரூவையோ பழைய நோட்டுக் குறிப்பையோ வைத்து இதை ஆடினால் விடை பொருந்தாமல் கேம் பழுது என்று நினைத்துவிடுவீர்கள். எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்துத் தேடுங்கள். எதை எடுத்தாலும் பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வேண்டும். குறிகளை வரையும்போது எந்தப் பக்கம் மேல் என்று ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் ஐந்தும் குழம்பும்.